மனநலப் பயிற்சியில் நெறிமுறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உளவியல், ஆலோசனை, மனநல சமூகப்பணி, மனநல மருத்துவம் என்று எந்தத் துறையிலிருந்து வந்தாலும், நேரடிப் பயிற்சி தொடங்கிய சில வாரங்களில் மாணவர்கள் ஒரே மாதிரியான சந்தேகங்களோடு வருகிறார்கள். மேற்பார்வையாளராகப் பல வருடங்களாகக் காதில் விழுந்த கேள்விகளை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அதனால் உங்கள் நாட்டுச் சட்டத்தையும் உங்கள் தொழில் அமைப்பின் விதிகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறித்தொகுப்பை அடிக்கடி எடுத்துச் சொல்கிறேன். மாணவருக்கும் ஆசிரியருக்கும் இடையே உள்ள உறவைப் பற்றி அது விரிவாகப் பேசுவதுதான் காரணம்.

சட்டத்தை மீறாமல் இருந்தால் போதாதா? நெறிமுறை என்று தனியாக எதற்கு?

போதாது. முந்தின இரவு தூங்காமல் வந்து, எதிரில் அழுதுகொண்டிருப்பவர் சொல்வதில் பாதியைக் காதில் வாங்காமல் தலையாட்டினால் எந்தச் சட்டமும் உங்களைக் கேட்காது. ஆனால் அவருக்கு அநியாயம் நடந்துவிட்டது. எதைச் செய்தால் தண்டனை என்று சட்டம் சொல்கிறது. நம்மை நம்பி வந்தவருக்கு நாம் என்ன கடமைப்பட்டிருக்கிறோம் என்று நெறிமுறை கேட்கிறது.

அடிப்படைக் கொள்கைகள் அதிகமில்லை. 1979இல் பீச்சம்ப், சில்ட்ரெஸ் என்ற இருவர் மருத்துவத்துக்காக நான்கைச் சொன்னார்கள்: அவரவர் முடிவை மதிப்பது, நன்மை செய்வது, தீங்கு செய்யாதிருப்பது, நியாயமாக நடப்பது. 1984இல் கேரன் கிச்சனர் இவற்றை ஆலோசனை உளவியலுக்குக் கொண்டுவந்தபோது, கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதை ஐந்தாவதாகச் சேர்த்தார். ஐந்தையும் மனப்பாடம் செய்ய ஐந்து நிமிடம் போதும். ஒன்று இன்னொன்றோடு மோதும்போதுதான் உண்மையான சிக்கல் வருகிறது.

இந்த விதிகளை எல்லாம் யார் உட்கார்ந்து எழுதினார்கள்?

அமெரிக்க உளவியல் சங்கத்தின் முதல் நெறித்தொகுப்பு 1953இல் வந்தது. நான்கு பேர் அறைக்குள் உட்கார்ந்து யோசித்து எழுதியதல்ல அது. வேலையில் தடுமாறிய சம்பவங்களை எழுதி அனுப்புங்கள் என்று உறுப்பினர்களிடமே கேட்டு, வந்து குவிந்தவற்றிலிருந்து விதிகளை உருவாக்கினார்கள். ஆகவே ஒரு விதியைப் படிக்கும்போது, யாரோ ஒருவர் எங்கோ தடுமாறிய கதை அதன் பின்னால் இருக்கிறது என்று நினைத்துப் படியுங்கள், புரியும். பல நாடுகளுக்கும் பொதுவான கொள்கைகளாக உளவியலாளர்களுக்கான உலக நெறிமுறைப் பிரகடனம் 2008இல் ஏற்கப்பட்டது.

நான் ஸ்டூடன்ட்தான் என்று கிளையன்டிடம் சொல்லியே ஆக வேண்டுமா? சொன்னால் என்னை நம்புவாரா?

சொல்லியே ஆக வேண்டும். முதல் சந்திப்பிலேயே, அவர் மனதைத் திறப்பதற்கு முன்பே. நீங்கள் பயிற்சியில் இருக்கிறீர்கள், பொறுப்பு மேற்பார்வையாளருடையது, அவர் பெயர் இது என்ற மூன்றையும் சொல்ல வேண்டும் என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் விதி கேட்கிறது. இன்னும் ஒன்றை நான் சேர்ப்பேன்: உங்கள் பயிற்சி முடியும் தேதி. மூன்று மாதத்தில் நீங்கள் வேறு இடத்துக்குப் போகப்போகிறீர்கள் என்றால், அது தெரிந்த பிறகுதான் அவர் உங்களிடம் எவ்வளவு ஆழமாகப் பேசுவது என்று முடிவு செய்ய வேண்டும். பழகிய பிறகு திடீரென்று "அடுத்த வாரம் வேறொருவர் வருவார்" என்று சொல்வது, ஏற்கெனவே பலரால் கைவிடப்பட்ட ஒருவரை எப்படித் தாக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நம்பிக்கை போய்விடுமோ என்ற பயம் புரிகிறது. சிலர் மாணவர் வேண்டாம் என்பார்கள். அது அவர்களின் உரிமை, அப்படிச் சொன்னதற்காக அவர்களுடைய சிகிச்சை தாமதமாகக் கூடாது. ஆனால் பெரும்பாலானவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். இரண்டு பேர் தன் விஷயத்தைக் கவனிக்கிறார்கள் என்பதில் சிலருக்கு நிம்மதியே கிடைக்கிறது. ஊழியர் யாராவது உங்களை "டாக்டர்" என்று அறிமுகப்படுத்தினால், அந்த இடத்திலேயே திருத்துங்கள். சும்மா இருந்துவிட்டால் அந்தப் பொய்யில் நீங்களும் பங்காளி.

அனுபவமே இல்லாத நான் ஒருவருடைய வேதனையில் கை வைப்பதே தப்பில்லையா?

இந்தக் கேள்வி உங்களுக்குத் தோன்றியது நல்லது. பயிற்சியின் விலையில் ஒரு பகுதியைக் கிளையன்ட் கொடுக்கிறார். அனுபவசாலி பத்து நிமிடத்தில் பிடிக்கிற விஷயத்தை நீங்கள் மூன்றாவது சந்திப்பில்தான் பிடிப்பீர்கள், அந்த இடைவெளி அவருடைய வேதனையில் கழிகிறது. இதை மறைக்கவோ மறக்கவோ கூடாது.

ஆனாலும் யாரும் பயிற்சி பெறாவிட்டால் நாளைக்குச் சிகிச்சை தர ஆளில்லை. அதனால்தான் சில நிபந்தனைகளோடு இதை நியாயம் என்கிறோம்: உங்கள் நிலைக்கு ஏற்ற கேஸ் மட்டும் தரப்பட வேண்டும், மேற்பார்வையாளர் கூப்பிட்டால் கிடைக்க வேண்டும், கிளையன்டுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். கடுமையான தற்கொலை எண்ணத்தோடு வந்தவரை முதல் மாதப் பயிற்சியில் இருப்பவரிடம் தனியாக விட்டால், அந்தத் தவறு மாணவருடையது அல்ல. "இது என்னால் முடியாது" என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. என்னைக் கேட்டால், அது கடமையும்கூட.

ரகசியமாக வைப்பேன் என்று சொல்லிவிட்டு சூப்பர்வைசரிடம் எல்லாவற்றையும் சொல்கிறேன். இது துரோகமில்லையா?

முன்கூட்டியே சொல்லாமல் செய்தால் துரோகம்தான். சொல்லிவிட்டுச் செய்தால் இல்லை. "நீங்கள் சொல்வது உங்களுக்கும் எனக்கும் மட்டும்" என்று ஒருபோதும் வாக்குக் கொடுக்காதீர்கள், மாணவரால் அதைக் காப்பாற்ற முடியாது. "நீங்கள் சொல்வதை என் மேற்பார்வையாளரிடம் பேசுவேன், அவரும் ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர், உயிருக்கு ஆபத்து என்றால் வேறு சிலரிடமும் சொல்ல வேண்டி வரும்" என்று தொடக்கத்திலேயே சொல்லுங்கள். ஒப்புதல் படிவத்தில் எழுதியிருந்தாலும் வாயால் சொல்லுங்கள். வேதனையோடு வருகிறவர் படிவத்தைப் படிப்பதில்லை, கையெழுத்துப் போடுகிறார், அவ்வளவுதான்.

கேஸ் டிஸ்கஷனில் பெயரை மாற்றினால் போதுமா? எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்கலாமா?

பெயர் மட்டும் ஒருவரை அடையாளம் காட்டுவதில்லை. வயது, தொழில், குடும்பத்தில் எத்தனை பேர், எந்த நோய், எந்த மாதிரி விபத்து என்று நான்கு விவரம் சேர்ந்தால் தெரிந்தவர் கண்டுபிடித்துவிடுவார். சொல்லவந்த விஷயத்துக்குத் தேவையில்லாத எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கிளையன்ட் அந்த அறையில் உட்கார்ந்து கேட்டால் தன்னை மரியாதையாகப் பேசுகிறார்கள் என்று உணர்வாரா என்பதும் முக்கியம். பெயர் மறைத்தால் கேலி செய்யலாம் என்று அர்த்தமில்லை.

மாணவர் குரூப்பில் கேட்கக் கூடாது. அங்கே யார் யார் இருக்கிறார்கள், யார் படம் எடுத்து வைக்கிறார்கள், யாருடைய போனை வீட்டில் யார் பார்க்கிறார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. அவசரமென்றால் மேற்பார்வையாளரைப் போனில் கூப்பிடுங்கள்.

செஷனை ரெக்கார்ட் செய்யச் சொல்கிறார்கள். கிளையன்டுக்குச் சங்கடமாக இருக்கிறதே?

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ் 1940களில் ஆலோசனை அமர்வுகளை ஒலிப்பதிவு செய்து ஆராயத் தொடங்கிய பிறகு, அறைக்குள் உண்மையில் என்ன பேசப்படுகிறது என்று முதல்முறையாகப் பலரும் கேட்க முடிந்தது. நாம் பேசியதாக நினைவில் இருப்பதும் பதிவில் இருப்பதும் ஒன்றாக இருப்பதில்லை. அந்த வகையில் பதிவு கிளையன்டுக்கும் பாதுகாப்பு.

ஆனால் ஒப்புதல் உண்மையான ஒப்புதலாக இருக்க வேண்டும். யார் கேட்பார்கள், எங்கே வைக்கப்படும், எப்போது அழிக்கப்படும் என்று சொல்லுங்கள். எந்த நேரத்திலும் நிறுத்தச் சொல்லலாம் என்பதையும் சொல்லுங்கள். மறுத்தால் வற்புறுத்தாதீர்கள், "எல்லோரும் சம்மதிக்கிறார்கள்" என்பதும் வற்புறுத்தல்தான். பதிவை உங்கள் சொந்தப் போனில் வைக்காதீர்கள்.

கேஸ் நோட்ஸை ஏஐ செயலியில் போட்டு எழுதிக்கொள்ளலாமா?

நிறுவனம் அனுமதித்த, தரவு எங்கே போகிறது என்று தெரிந்த கருவி இல்லையென்றால் கூடாது. கிளையன்டின் வார்த்தைகளை வெளியார் சேவைக்கு அனுப்புவது, அவர் ஒப்புதல் தராத மூன்றாம் நபரிடம் சொல்வது. தவிர, குறிப்பு எழுதுவதே பயிற்சியின் ஒரு பகுதி. நடந்ததை ஒழுங்குபடுத்தி எழுதும்போதுதான் எதைக் கவனிக்கவில்லை என்று தெரிகிறது.

ஒருவர் இன்னொருவரைக் கொல்லப்போவதாகச் சொன்னால் நான் என்ன செய்வது?

அன்றைக்கே, அவர் கிளம்புவதற்கு முன்பே முடிந்தால், மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். தனியாக முடிவெடுக்காதீர்கள். தற்கொலைப் பேச்சுக்கும் இதேதான்.

தாராசாஃப் வழக்கை எல்லா மாணவர்களும் படிக்கிறார்கள், ஆனால் ஒரு பகுதியை விட்டுவிடுகிறார்கள். கலிஃபோர்னியாவில் பல்கலைக்கழக மருத்துவமனை ஒன்றில் சிகிச்சை பெற்றுவந்தவர், ஒரு பெண்ணைக் கொல்லப்போவதாகத் தன் உளவியலாளரிடம் சொன்னார். உளவியலாளர் வளாகக் காவலர்களுக்குத் தெரிவித்தார். அவர்கள் பிடித்து விசாரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். உளவியலாளருக்கு மேலே இருந்த மனநல மருத்துவரோ மேற்கொண்டு நடவடிக்கை வேண்டாம் என்று உத்தரவிட்டார். அந்தப் பெண்ணை யாரும் எச்சரிக்கவில்லை. 1969 அக்டோபரில் அவர் கொல்லப்பட்டார். ஆபத்தில் இருப்பவரைக் காப்பாற்ற நியாயமான முயற்சி எடுக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்று 1976இல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது.

மாணவர்கள் விட்டுவிடும் பகுதி, மேலே இருந்தவரின் உத்தரவு. மேற்பார்வையாளர் "விட்டுவிடு" என்று சொல்லியும் உங்கள் மனது ஒப்பவில்லை என்றால், அவருக்கு மேலே இருப்பவரிடம் போகலாம். எந்தச் சூழலில் எச்சரிக்க வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். அதைப் பயிற்சியின் முதல் வாரத்திலேயே எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

செஷனில் சொதப்பிவிட்டேன். சூப்பர்வைசரிடம் சொன்னால் மார்க் போய்விடுமோ?

என்னிடம் மிகக் குறைவாகக் கேட்கப்பட்டிருக்க வேண்டிய கேள்வி இது. ஆனால் இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள், அதுவும் கோர்ஸ் முடிந்த பிறகு. 1996இல் லடானியும் சக ஆய்வாளர்களும் பயிற்சியில் இருந்தவர்களிடம், மேற்பார்வையாளரிடம் எதையாவது சொல்லாமல் விட்டதுண்டா என்று கேட்டார்கள். கிட்டத்தட்ட எல்லோருமே உண்டு என்றார்கள். மேற்பார்வையாளர் மேல் இருந்த மனத்தாங்கல், சொந்தப் பிரச்சினைகள், சிகிச்சையில் செய்த தவறுகள் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. மாணவர்கள் கெட்டவர்கள் என்பதால் இப்படி நடக்கவில்லை. கைதூக்கிவிட வேண்டியவரே மதிப்பெண்ணும் போடுகிறவராக இருப்பதால் நடக்கிறது.

இதில் முதல் பொறுப்பு மேற்பார்வையாளருக்கு. எந்தத் தவறு பேசித் திருத்தப்படும், எது மேலே போகும் என்று முதல் சந்திப்பிலேயே அவர் சொல்லிவிட வேண்டும். ஒரு மாணவர் முதல்முறை தவறைச் சொல்லும்போது மேற்பார்வையாளரின் முகம் எப்படிப் போகிறது என்பதைப் பார்த்துத்தான், இரண்டாவது தவறைச் சொல்வதா வேண்டாமா என்று அந்த மாணவர் முடிவு செய்கிறார். தவறைச் சொன்னவரைத் தண்டித்தும் மறைத்தவரைப் பாராட்டியும் வளர்க்கிற துறை, மறைக்கத் தெரிந்தவர்களைத்தான் பட்டம் கொடுத்து வெளியே அனுப்புகிறது. இதை நான் மிகவும் கவலையோடு சொல்கிறேன்.

உங்கள் பக்கம் செய்ய வேண்டியது: நீங்கள் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லுங்கள், மெருகேற்றாதீர்கள். அப்புறம் கிளையன்ட் எப்படி எதிர்வினை காட்டினார் என்பதைச் சொல்லுங்கள். அவருக்குப் பாதிப்பு இருக்குமா, அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்று பேசுங்கள். தவறான இடத்தில் ஒரு கேள்வி கேட்டு ஒருவரை நோகடித்துவிட்டால், அடுத்த சந்திப்பில் "போன வாரம் நான் கேட்டது உங்களைக் காயப்படுத்தியிருக்கும்" என்று சொல்லலாம். அதுவரை யாரும் தன்னிடம் மன்னிப்பே கேட்டிராத ஒருவருக்கு அது சிகிச்சையாகவே அமையக்கூடும்.

வகுப்பில் சொந்த வாழ்க்கையை எழுதச் சொல்கிறார்கள். மறுக்கலாமா?

பெரும்பாலும் மறுக்கலாம். பாலியல் அனுபவம், சிறுவயதில் நேர்ந்த கொடுமை, எடுத்துக்கொண்ட மனநலச் சிகிச்சை, பெற்றோருடனோ துணையுடனோ உள்ள உறவு ஆகியவற்றைச் சொல்லும்படி மாணவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் விதி தெளிவாகச் சொல்கிறது. விலக்கு இரண்டு. சேர்க்கையின்போதே இது உண்டு என்று அறிவித்திருந்தால் கேட்கலாம். மாணவரின் சொந்தப் பிரச்சினை அவர் வேலையைக் கெடுக்கிறது, அல்லது அவருக்கோ மற்றவர்களுக்கோ அதனால் ஆபத்து என்று நம்ப நியாயம் இருந்தால் கேட்கலாம்.

தன்னைப் பற்றி யோசிப்பது இந்தத் தொழிலுக்குத் தேவைதான். ஆனால் யோசித்ததை எல்லாம் மதிப்பெண்ணுக்காக ஒப்படைக்க வேண்டியதில்லை. "என் தந்தையை நினைவுபடுத்தும் கிளையன்டிடம் நான் அவசரப்படுகிறேன்" என்ற அளவு போதும். தந்தை என்ன செய்தார் என்பது உங்களுடையது.

நாங்களும் தெரபிக்குப் போக வேண்டும் என்கிறார்கள். எங்கள் புரொஃபசரிடமே போகலாமா?

கூடாது. மதிப்பெண் போடுகிறவரோ போடக்கூடியவரோ உங்களுக்குத் தெரபி தரக் கூடாது. கோர்ஸில் அது கட்டாயம் என்றால், வெளியே உள்ள ஒருவரைத் தேர்ந்தெடுக்க வழியும் தர வேண்டும்.

உளப்பகுப்பாய்வின் ஆரம்ப காலத்தில் இந்த எல்லை இருக்கவில்லை. 1918இல் சிக்மண்ட் ஃப்ராய்ட் தன் மகள் அன்னாவையே பகுப்பாய்வு செய்யத் தொடங்கினார். அப்பா, ஆசிரியர், சிகிச்சையாளர் மூவரும் ஒருவரே என்றால், அவரைப் பற்றிய கோபத்தை அந்த மகள் யாரிடம் பேசுவார்? பேராசிரியரிடமே தெரபிக்குப் போகிற மாணவரும் அதே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்.

எனக்கே டிப்ரஷன் இருக்கிறது. இந்த வேலைக்கு நான் லாயக்கில்லையா?

நோய் இருப்பது தகுதிக்குறைவு அல்ல. அது உங்கள் வேலையைப் பாதிக்கிறதா என்பதுதான் கேள்வி. சிகிச்சை எடுத்துக்கொண்டு நன்றாக வேலை செய்கிறவர்கள் இந்தத் துறையில் ஏராளம். வேலையைப் பாதிக்கத் தொடங்கினால் உதவி கேட்பதும், கேஸ்களைக் குறைப்பதும், தேவைப்பட்டால் சிறிது காலம் நிறுத்துவதும் நெறிமுறை கேட்கும் செயல்கள். அப்படி நிறுத்தியவர் திரும்பி வர வழி வைத்திருப்பது கல்லூரியின் கடமை. மற்றவர்களின் மனநலத்துக்காக ஆட்களைத் தயார் செய்யும் இடத்தில், மாணவர் தன் மனநலத்தை ஒளித்துவைக்க வேண்டியிருப்பது கொடுமை.

தெரிந்தவர்கள் எல்லாம் பிரச்சினையைச் சொல்லி ஆலோசனை கேட்கிறார்கள். டெஸ்ட் பழகவும் நண்பர்களைத்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

நண்பராகக் கேளுங்கள், ஆலோசகராகக் கேட்காதீர்கள். நல்ல ஆலோசகர் ஒருவரின் பெயரைச் சொல்லி அனுப்புவதே நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.

சோதனைகளைப் பழக யாரையாவது உட்கார வைத்தே ஆக வேண்டும், அதற்கு உங்கள் கோர்ஸின் அனுமதியும் அவருடைய ஒப்புதலும் வேண்டும். இது பழகுவதற்காக மட்டுமே, முடிவு சொல்ல மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தப்பாகப் போடப்பட்ட நுண்ணறிவு மதிப்பெண்ணை ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சுமக்கக்கூடும். சோதனைத் தாள்களைப் படமெடுத்துப் பரப்பாதீர்கள். 1921இல் வெளியான ரோர்ஷாக் உளவியல் சோதனையின் மைத்தடப் படங்கள் 2009இல் விக்கிப்பீடியாவில் முழுமையாக வந்தபோது உளவியலாளர்கள் எவ்வளவு பதறினார்கள் என்று தேடிப் படியுங்கள்.

கிளையன்ட் இன்ஸ்டாகிராமில் ரிக்வெஸ்ட் அனுப்பியிருக்கிறார்.

ஏற்காதீர்கள். சத்தமில்லாமல் ஒதுக்கியும் விடாதீர்கள், அடுத்த சந்திப்பில் காரணத்தைச் சொல்லுங்கள். நீங்களும் அவருடைய பக்கத்தை ஆர்வத்தில் தேடிப் பார்க்கக் கூடாது. அவர் உங்களிடம் சொல்லத் தேர்ந்தெடுத்தது மட்டும்தான் உங்களுக்குத் தரப்பட்டது.

கிளையன்ட் மேல் ஈர்ப்பு வந்துவிட்டது. நான் கெட்டவனா?

இல்லை. 1986இல் கென்னத் போப்பும் சக ஆய்வாளர்களும் உளவியலாளர்களிடம் கேட்டபோது, 87 சதவீதத்தினர் ஒரு முறையாவது கிளையன்ட் மேல் பாலியல் ஈர்ப்பு வந்ததாகச் சொன்னார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் அதன்படி நடக்கவில்லை. ஆனால் இதை எப்படிக் கையாள்வது என்று படிக்கும் காலத்தில் பலருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அந்த மௌனம்தான் எனக்குக் கவலை. பேச இடமில்லாத உணர்வு, "இவருக்கு நான் கூடுதல் நேரம் தர வேண்டும்" என்ற வேஷத்தில் வெளிவரும்.

உணர்வு வருவது குற்றமில்லை. செயல் குற்றம், அதில் விலக்கே கிடையாது. சிகிச்சை முடிந்த பிறகும் அமெரிக்க உளவியல் சங்கம் குறைந்தது இரண்டு ஆண்டும், அமெரிக்க ஆலோசகர் சங்கம் ஐந்து ஆண்டும் தடை விதிக்கின்றன. அதன் பிறகும், கிளையன்டைச் சுரண்டவில்லை என்று காட்டும் பொறுப்பு சிகிச்சையாளருடையதே. செஷனில் சொதப்பியது பற்றி மேலே சொன்ன அதே வழிதான் இங்கேயும்: மேற்பார்வையாளரிடம் கொண்டுபோங்கள். ஆசிரியர்களுக்கும் இந்தத் தடை உண்டு. தாங்கள் மதிப்பிடும் மாணவருடனோ தங்கள் துறை மாணவருடனோ பாலியல் உறவு வைக்கக் கூடாது. மாணவர் சம்மதித்தார் என்ற பதில் அங்கே செல்லாது.

என் நம்பிக்கைக்கு ஒத்துவராத கிளையன்டை வேறொருவரிடம் அனுப்பிவிடலாமா?

திறமை இல்லை என்பதற்காக அனுப்பலாம். அவர் யார் என்பதற்காக அனுப்பக் கூடாது. அமெரிக்காவில் 2009இல் ஓர் ஆலோசனை மாணவி, ஒருபாலின உறவில் இருந்த கிளையன்டை வேறொருவருக்கு மாற்றச் சொன்னதற்காகக் கோர்ஸிலிருந்து நீக்கப்பட்டார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012இல், நீக்கியதற்கு மத நம்பிக்கைதான் காரணமா என்பதை ஜூரி பார்க்க வேண்டும் என்று திருப்பி அனுப்பியது. பிறகு வழக்கு சமரசத்தில் முடிந்தது. 2014இல் வந்த அமெரிக்க ஆலோசகர் சங்கத்தின் நெறித்தொகுப்பு, ஆலோசகரின் சொந்த விழுமியங்களை மட்டுமே காரணமாகக் காட்டி அனுப்பக் கூடாது என்று எழுதிவிட்டது.

மாணவரின் மனசாட்சியையும் மதிக்க வேண்டும் என்று சொல்பவர்களின் வாதத்தை நான் லேசாக எடுக்கவில்லை. ஆனால் எதிரில் இருப்பவர் ஏற்கெனவே பல கதவுகள் சாத்தப்பட்டு வந்தவர். உங்கள் நம்பிக்கையை விட வேண்டாம், அதை மேற்பார்வையில் பேசுங்கள், அவர் மேல் சுமத்தாமல் வேலை செய்யப் பழகுங்கள்.

ஒரு பிரபலத்தைப் பற்றி எனக்குத் தோன்றும் டயக்னோசிஸைப் பதிவாகப் போடலாமா?

வேண்டாம். 1964 அமெரிக்க அதிபர் தேர்தலில் வேட்பாளர் பேரி கோல்ட்வாட்டர் மனதளவில் அதிபர் பதவிக்குத் தகுதியற்றவர் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனநல மருத்துவர்கள் கருதுவதாக ஒரு பத்திரிகை வெளியிட்டது. அவர் அவதூறு வழக்குப் போட்டு வென்றார். 1973இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம், நேரில் பரிசோதிக்காமலும் உரிய அனுமதி இல்லாமலும் ஒருவரைப் பற்றித் தொழில்முறைக் கருத்துச் சொல்லக் கூடாது என்ற விதியைக் கொண்டுவந்தது. மாணவருக்கு அந்தத் தகுதி இன்னும் வரவே இல்லை. அதே நோயோடு வாழும் ஒருவர் உங்கள் பதிவைப் படிக்கக்கூடும் என்பதையும் நினையுங்கள்.

கூடப் படிக்கும் நண்பர் தப்பு செய்கிறார். காட்டிக்கொடுப்பதா?

1986இல் பெர்னார்டும் ஜாராவும் செய்த ஆய்வு ஒன்று உண்டு. நெருங்கிய சக மாணவர் விதியை மீறினால் என்ன செய்ய வேண்டும், நீங்கள் உண்மையில் என்ன செய்வீர்கள் என்று மருத்துவ உளவியல் மாணவர்களைக் கேட்டார்கள். செய்ய வேண்டியது தெரிந்திருந்தும் அவ்வளவு தூரம் செய்ய மாட்டோம் என்று ஏறத்தாழ பாதிப் பேர் சொன்னார்கள். விதி தெரியாமல் இல்லை, தைரியம்தான் வரவில்லை.

முதலில் நண்பரிடமே பேசுங்கள். பெரும்பாலும் சோர்வோ அறியாமையோதான் காரணமாக இருக்கும், பேசினால் சரியாகிவிடும். கிளையன்டுக்குத் தீங்கு நடந்துவிட்டது அல்லது நடக்கப்போகிறது என்றால் காத்திருக்காமல் மேற்பார்வையாளரிடம் போங்கள். அந்த இடத்தில் உங்கள் நட்பைவிட, உங்களுக்கு முகமே தெரியாத அந்தக் கிளையன்டின் பாதுகாப்பு பெரிது.

சூப்பர்வைசரே தப்பு செய்தால்?

நடப்பதுதான். 1999இல் லடானி குழு வெளியிட்ட இன்னோர் ஆய்வில் 151 பயிற்சி மாணவர்களில் பாதிக்கும் சற்று மேற்பட்டோர், தங்கள் மேற்பார்வையாளர் ஏதாவது ஒரு நெறிமுறையையாவது பின்பற்றவில்லை என்றார்கள். முதலிடத்தில் இருந்தது பாலியல் அத்துமீறல் அல்ல. மாணவரின் வேலையைச் சரியாக மதிப்பிட்டுச் சொல்லாததுதான். ஒத்துக்கொண்ட நேரத்தில் வராமல் இருப்பதும், ஒரு பதிவைக்கூடக் கேட்காமல் கையெழுத்துப் போடுவதும்கூடக் கிளையன்டை ஏமாற்றுவதே. ஏனென்றால் அவரிடம் "பொறுப்பு மேற்பார்வையாளருடையது" என்று சொல்லித்தான் தொடங்கினீர்கள்.

சின்னக் குறை என்றால் நேரில் கேளுங்கள்: "இந்த வாரம் ஒரு பதிவை என்னோடு சேர்ந்து கேட்க முடியுமா?" பெரிய விஷயம் என்றால் தேதியோடு எழுதி வையுங்கள், ஆனால் அதில் கிளையன்டின் விவரம் வேண்டாம். பிறகு துறைத் தலைவரிடமோ புகார்க் குழுவிடமோ போங்கள். தனியாகப் போக வேண்டியதில்லை, நம்பகமான இன்னோர் ஆசிரியரை முதலில் பாருங்கள். புகார் கொடுத்த மாணவரைப் பழிவாங்காமல் பார்த்துக்கொள்வது நிறுவனத்தின் நெறிமுறைக் கடமை.

நன்றாகப் படிக்கும் மாணவரை "உனக்கு இது சரிவராது" என்று நிறுத்துவது நியாயமா?

சில சமயம் நியாயம். தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கியும் எதிரில் இருப்பவரைக் கேட்கவே முடியாதவர்கள் உண்டு. அவர்களுக்கு உரிமம் கிடைக்க விடுவது, நாளைக்கு அவர்களிடம் வரப்போகிறவர்களுக்குச் செய்யும் அநீதி. ஆனால் நிறுத்தும் விதமும் நெறிக்கு உட்பட வேண்டும். எதை வைத்து மதிப்பிடுகிறோம் என்பது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். குறையை உரிய காலத்தில் குறிப்பாகச் சொல்ல வேண்டும். திருத்திக்கொள்ள எழுத்துபூர்வமான திட்டமும் போதிய காலமும், முறையிட இடமும் தர வேண்டும். இரண்டு வருடம் வாயே திறக்காமல் இருந்துவிட்டுக் கடைசிப் பருவத்தில் நீக்கினால், தோற்றது அந்த மாணவர் மட்டுமல்ல.

நிறுவனமோ அரசோ நெறிக்கு மாறானதைச் செய்யச் சொன்னால், அதற்குச் சட்டமும் இடம் கொடுத்தால்?

இதற்கு வேதனையான ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் 2002 நெறித்தொகுப்பில், நெறிமுறைக்கும் சட்டத்துக்கும் முரண்பாடு தீராவிட்டால் சட்டத்தைப் பின்பற்றலாம் என்று ஒரு வாசகம் இருந்தது. ராணுவக் காவலில் இருந்த கைதிகளை விசாரிப்பதில் உளவியலாளர்கள் பங்கெடுத்த காலம் அது. 2010இல் அந்த விதியைத் திருத்தி, மனித உரிமை மீறலை நியாயப்படுத்த இதைப் பயன்படுத்தவே கூடாது என்று எழுதினார்கள். 2015இல் சங்கமே நியமித்த ஒரு தனி விசாரணை, சங்க நிர்வாகிகள் சிலர் ராணுவத் துறையோடு ஒத்துழைத்து விதிகளைத் தளர்வாக வைத்திருந்ததாகச் சொன்னது. அதே ஆண்டு, தேசப் பாதுகாப்பு விசாரணைகளில் உளவியலாளர்கள் பங்கெடுக்கக் கூடாது என்று சங்கத்தின் பேரவை முடிவு செய்தது. விதியை எழுதுகிறவர்களும் தவறலாம் என்பதற்காகத்தான் இதை மாணவர்களிடம் முழுக்கச் சொல்கிறேன்.

உங்களுக்கு வரும் உத்தரவு இவ்வளவு பெரிதாக இருக்காது. "இந்த நோயாளி ஒப்புக்கொண்டதாக எழுதிவிடு", "நேற்றைய தேதி போட்டு நோட்ஸ் எழுது", "குடும்பத்தாரிடம் அவர் சொன்னதைச் சொல்லிவிடு" என்ற அளவில்தான் வரும். அப்போது உத்தரவை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள், பாதி உத்தரவுகள் அங்கேயே நின்றுவிடும். நிற்கவில்லை என்றால், எந்த விதிப்படி செய்ய முடியாது என்று அமைதியாகச் சொல்லுங்கள். கல்லூரியில் உங்களுக்குப் பொறுப்பான ஆசிரியருக்கு அன்றைக்கே தெரியப்படுத்துங்கள். பயிற்சி இடத்தை மாற்றித் தரும்படி கேட்பதற்கும் உங்களுக்கு உரிமை உண்டு.